ஊர் குலையும்போது: கொள்ளை, கலவரம் பற்றி வாசகர் கேள்விகள்

பேரிடர் வேளையில் நடக்கும் சூறையாடல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பேரிடர் மேலாண்மையில் பணிபுரியும் எங்கள் குழு பதில் சொல்கிறது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: புயலோ பூகம்பமோ வந்தால் முதல் ராத்திரியே கொள்ளைக் கூட்டம் கிளம்பிவிடும் என்கிறார்களே, உண்மைதானா?

பெரும்பாலும் இல்லை. பேரிடரில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று களத்துக்கே போய் ஆராய்வதற்காக 1963இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கினார்கள். 1985 முதல் அது டெலவர் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. அதை நிறுவியவர்களில் இருவரான குவாரன்டெல்லியும் டைன்ஸும் ஊர் ஊராகக் கண்டது ஒன்றுதான். கொள்ளை பற்றிய பேச்சு எங்கும் இருக்கும். நடந்த கொள்ளை விரல்விட்டு எண்ணும்படி இருக்கும். முதல் சில மணி நேரத்தில் ஜனங்கள் செய்வது இடிபாடுகளைத் தோண்டுவதுதான். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரம் இடிந்தபோது, உயிரோடு வெளியே எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை எடுத்தவர்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான்.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. 1989இல் ஹியூகோ புயலுக்குப் பின் கரீபியனில் உள்ள செயின்ட் குரோய் தீவில் கடைகள் பட்டப்பகலில் சூறையாடப்பட்டன. 2010 பிப்ரவரி 27 அன்று சிலியில் 8.8 அளவில் நிலம் அதிர்ந்தபின் கான்செப்சியோன் நகரத்து சூப்பர் மார்க்கெட்டுகளில் கூட்டம் புகுந்தது. மாவும் பாலும் மட்டுமல்ல, டிவிகளும் போயின. ராணுவம் வந்து ஊரடங்கு போட்ட பிறகே அடங்கியது. இந்த மாதிரி ஊர்களில் பொதுவாக மூன்று விஷயங்கள் சேர்ந்து வரும்: ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் அடிபட்டிருக்கும், நிர்வாகம் என்று ஒன்று கண்ணிலேயே படாது, உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே பழைய மனக்கசப்பு கனன்றுகொண்டிருக்கும்.

நியூயார்க் நகரம் மூன்று முறை இருண்டிருக்கிறது. 1965 நவம்பர் 9 அன்று மாலை ஐந்தரை மணிக்கு மின்சாரம் போனது. கடைக்காரர்கள் கடையிலேயே இருந்தார்கள், இரவு அமைதியாகக் கழிந்தது. 1977 ஜூலை 13 அன்று இரவு ஒன்பதரைக்குப் போனபோது ஷட்டரைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீடு போயிருந்தார்கள். கடும் வெக்கை, நகராட்சியே திவாலாகும் நிலை, வேலையில்லாத இளைஞர்கள். விடிந்து அடங்குவதற்குள் 1,600க்கும் அதிகமான கடைகள் பாழாயின, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் தீ, 3,700க்கும் மேல் கைது. பிராங்க்ஸ் பகுதியில் ஒரு கார் விற்பனையகத்திலிருந்து மட்டும் 50 புதுக் கார்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். 2003 ஆகஸ்ட் 14இல் மீண்டும் மின்வெட்டு. நகரம் ஏறக்குறைய அமைதியாகவே இருந்தது. மூன்று தடவையும் இருட்டு ஒன்றுதான். அதனால்தான், எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்பதை விட, நிர்வாகம் தெருவில் கண்ணில் படுகிறதா, அடுத்த சாப்பாடு எப்போது வரும் என்று ஜனங்களுக்குத் தெரியுமா என்பதை நாங்கள் முதலில் விசாரிப்போம்.

கேள்வி: "அந்தத் தெருவில் கொள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்புவதா, மற்றவர்களை எச்சரிப்பதா?

அனுப்பியவரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். நீங்களே பார்த்தீர்களா? எந்த இடத்தில்? எத்தனை மணிக்கு? முதல் கேள்விக்கே "இல்லை, சொன்னாங்க" என்று பதில் வந்தால் தகவலை அங்கேயே நிறுத்துங்கள். குடியிருப்புக்கு ஒருவர் மட்டும் தகவல் திரட்டட்டும். அவர் உறுதி செய்ததை மட்டும், நேரம் குறிப்பிட்டு எல்லாருக்கும் அனுப்பட்டும். "மதியம் 2.10 நிலவரம்: பிரதான சாலையில் ஒரு கடை ஷட்டர் உடைந்திருக்கிறது, ஆட்கள் யாரும் இல்லை" என்ற மாதிரி. பொய் என்று தெரிந்ததையும் அதேபோல நேரம் போட்டு மறுத்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் காலையில் கிளம்பிய வதந்தி ராத்திரி வேறு தெருவின் பெயரோடு திரும்பி வரும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2005இல் கத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கிய மூன்றாம் நாள், ஆட்கள் கூரைமேல் தவித்துக்கொண்டிருந்தபோதே, சுமார் 1,500 போலீஸாரை மீட்புப் பணியிலிருந்து எடுத்துக் கொள்ளையைத் தடுக்கும்படி மேயர் அனுப்பினார். மக்கள் தஞ்சம் புகுந்திருந்த சூப்பர்டோம் விளையாட்டரங்கில் நூற்றுக்கணக்கில் பிணங்கள் கிடப்பதாகப் பேச்சு. கடைசியில் அங்கே இருந்தவை ஆறு உடல்கள்; அதில் ஒன்றுகூடக் கொலை இல்லை. செப்டம்பர் 4 அன்று அதே நகரின் டான்சிகர் பாலத்தில் போலீஸார் ஆயுதம் இல்லாதவர்கள்மேல் சுட்டு இருவரைக் கொன்றார்கள். 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவை உலுக்கிய பூகம்பத்துக்குப் பின், "கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள்" என்ற வதந்தியால் தெருக்காவல் குழுக்கள் ஆயிரக்கணக்கானவர்களை வெட்டிச் சாய்த்தன. வழியில் நிறுத்தி ஜப்பானியச் சொற்களைச் சொல்லச் சொல்வார்கள்; உச்சரிப்பு பிசகினால் அவ்வளவுதான். கொள்ளைக்குப் பயந்த பயம், கொள்ளையை விடப் பல மடங்கு உயிர் குடித்திருக்கிறது.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் இரவுக் காவல் போட நினைக்கிறோம். எப்படி அமைப்பது? கையில் ஆயுதம் வேண்டாமா?

வேண்டாம். கட்டை, கத்தி, துப்பாக்கி எதுவும் வேண்டாம். காவலின் வேலை பார்ப்பது, குரல் கொடுப்பது, எழுதி வைப்பது. ஆயுதம் கையில் இருந்தால் பிடிக்கவும் அடிக்கவும் கை போகும். வருகிற போலீஸுக்கோ ராணுவத்துக்கோ நீங்கள் யார் என்று தெரியாது. இருட்டில் கட்டையோடு நிற்பவர்தான் அவர்கள் கண்ணுக்குக் கொள்ளைக்காரர்.

30, 40 வீட்டுக்கு ஒரு குழு போதும். எப்போதும் இருவராகவே போகட்டும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். நான்கு மணி நேர முறை போட்டால், பகலெல்லாம் சேறு வாரிய உடம்பு விடியற்காலை மூன்று மணிக்குச் சுவரில் சாய்ந்துவிடும். ஒவ்வொரு ஜோடியிடமும் டார்ச், விசில், நோட்டு, சார்ஜ் உள்ள ஒரு போன் இருக்கட்டும். விசில் கணக்கை முன்கூட்டியே எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள்: நீளமாக ஒன்று என்றால் "வந்து பாருங்கள்"; குட்டையாக மூன்று, விட்டுவிட்டு என்றால் தீ அல்லது ஆபத்து. குழந்தைகள் விளையாட்டுக்கு ஊதக் கூடாது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசினால் கோபம் வரும். அவர் கண்ணாடியிலும் ஈரத்திலும் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் அவருக்குப் பின்னால் வருபவர் உங்களுக்கும் தெரியமாட்டார். வெளிச்சம் அவர் காலடியில் விழட்டும். "யார் நீ, அடையாள அட்டை எங்கே?" என்று ஆரம்பிக்காதீர்கள். "யாரைப் பார்க்கணும்? வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று கேளுங்கள். உறவினரைத் தேடி வந்தவருக்கு அது உதவி. நோட்டம் பார்க்க வந்தவருக்கு, தன்னை ஒருவர் கவனித்துவிட்டார் என்ற செய்தி. பெரும்பாலும் அவர் திரும்பிப் போய்விடுவார்.

சாலைத் தடுப்பு போட்டால், ஒரே ஆள் பத்து நொடியில் அகற்றக்கூடியதாக இருக்க வேண்டும். குறுக்கே கம்பியோ கயிறோ கட்டவே கட்டாதீர்கள். இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்தை அது அறுத்துவிடும்; ஆம்புலன்ஸும் நின்றுவிடும். காவல் முறைப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் சட்டை கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டமாக ஆட்கள் வந்தால் தடுக்காதீர்கள். விசில், போன், உள்ளே போய்க் கதவு, அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காவல் குழு யாரைச் சந்தேகிக்கிறது என்பதை நிதானமாகக் கவனியுங்கள். 2021 ஜூலையில் தென்னாப்பிரிக்காவில் பரவிய கலவரத்தில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் டர்பன் அருகே, நம்மைப் போன்ற இந்திய வம்சாவளியினர் பெருவாரியாக வாழும் ஃபீனிக்ஸில் மட்டும் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பலர் தெருத் தடுப்புகளில் நிறுத்தப்பட்ட கறுப்பின மக்கள். வீட்டைக் காக்க நின்றவர்கள் கொலை வழக்கில் நின்றார்கள். நிறமோ சாதியோ மொழியோ பார்த்து ஆளை நிறுத்தும் காவலைவிடக் காவல் இல்லாமல் இருப்பதே மேல்.

கேள்வி: கடையின் ஷட்டரை எப்படிப் பலப்படுத்துவது?

உடைப்பவர்கள் ஷட்டரின் நடுவில் மோதுவது குறைவு. கீழ்ப்பட்டையின் கீழே கடப்பாரையை விட்டு நெம்புவார்கள். அல்லது சங்கிலியைக் கொக்கி போட்டு வண்டியில் கட்டி இழுப்பார்கள். 1977 நியூயார்க்கில் அப்படித்தான் வரிசையாகப் பிடுங்கினார்கள். பூட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும், இரண்டு பக்கமும் ஷட்டர் ஓடும் தடம் சுவரில் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதே முக்கியம். சின்ன திருகாணியில் நிற்கும் தடம் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். சுவருக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை 30 செ.மீ. இடைவெளியில் போடச் சொல்லுங்கள். பூட்டு நடுவில் ஒன்றாக இல்லாமல், இரண்டு ஓரத்திலும் தரையோடு சேர்ந்து இருக்கட்டும்.

கண்ணாடிக்குப் பலகை அடிப்பதானால் 18 மி.மீ. ப்ளைவுட் வேண்டும். ஆணி அடித்தால் நெம்பி எடுத்துவிடுவார்கள். போல்ட்டை வெளியிலிருந்து செலுத்தி நட்டை உள்ளே முறுக்குங்கள். வெளியே தெரியும் தலை வழுவழுப்பான உருண்டையாக இருந்தால் ஸ்பேனர் பிடிக்காது.

இதைவிட முக்கியம், எடுத்துக்கொண்டு ஓடத் தூண்டும் சரக்கு எதுவும் வெளியே தெரியக் கூடாது. ஷோகேஸைக் காலி செய்யுங்கள். கல்லாவைத் திறந்து, வெறுமையாகத் தெரியும்படி விட்டுவிட்டு "கடையில் பணம் இல்லை" என்று பலகை வையுங்கள். கேமரா பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைப்பது பொதுவாக நடக்கும் தவறு. முதலில் அதைத்தான் பிடுங்குவார்கள். அதையும் அதன் மின்கலத்தையும் பின்னால் பூட்டிய அறைக்கு மாற்றுங்கள்.

நீங்கள் உள்ளே தங்காதீர்கள். தீ வைத்தால் ஷட்டர் போட்ட கடை ஒரே வழி உள்ள அடுப்பாகிவிடும். கடைக்கு மேல் வீடு இருந்தால் அந்தக் குடும்பத்தையும் முதல் அறிகுறியிலேயே கிளப்புங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் வெளியேறச் சொல்கிறார்கள். வீட்டைத் திருடர்களுக்கு விட்டுப் போகவா?

போய்விடுங்கள். காவலுக்கென்று தங்கியவர்களைத்தான் பிறகு படகில் தேட வேண்டியிருக்கிறது. கிளம்பும் முன் அறை அறையாக வீடியோ எடுங்கள், அலமாரிகளைத் திறந்தே எடுங்கள். பத்திரம், நகை, மருந்துச் சீட்டு, ஹார்ட் டிஸ்க் உங்களோடு வரட்டும். நேரம் இருந்தால் கதவைப் பாருங்கள். உதைத்தால் முதலில் போவது பூட்டு அல்ல. தாழ் விழும் தகடு பிடித்திருக்கும் மரச்சட்டம் பிளந்துவிடும். அந்தத் தகட்டிலும் கீலிலும் உள்ள குட்டைத் திருகாணிகளை எடுத்துவிட்டு, நிலைச்சட்டத்தையும் தாண்டி உள்ளே ஏறும்படி 75 மி.மீ. நீளத்தில் போடுங்கள். அரை மணி நேர வேலை. "நாங்கள் ஊரில் இல்லை" என்று சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள்.

கேள்வி: எங்கள் அமைப்பு 500 குடும்பங்களுக்கு நிவாரணப் பை கொடுக்கப் போகிறது. போன தடவை லாரியையே மொய்த்துவிட்டார்கள். எப்படித் தவிர்ப்பது?

வந்த கேள்விகளில் எங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது இது. கலவரம் என்று செய்தியில் வருவதில் ஒரு பங்கு, சரியாகத் திட்டமிடாத விநியோகம்தான். வரிசையில் நிற்பவருக்குத் தன் முறை வரும்போது பொருள் இருக்குமா என்று தெரியாதவரை, முண்டியடிப்பதுதான் அவருக்கு நியாயமான வழி. அந்தச் சந்தேகத்தை நீக்குவதே உங்கள் வேலை.

முதல் நாளே வீடு வீடாகப் போய் டோக்கன் கொடுங்கள். டோக்கனில் நேரம் இருக்கட்டும். கணக்கு இப்படி: பட்டியலில் பெயர் பார்த்து, கையெழுத்து வாங்கி, பை கொடுக்க ஒரு குடும்பத்துக்கு ஒரு நிமிடம் வையுங்கள். இரண்டு மேசை போட்டால் அரை மணிக்கு 60 குடும்பம். 500 குடும்பத்துக்கு நாலு மணி பத்து நிமிடம் ஆகும். ஆகவே காலை 8 மணிக்கு 60 டோக்கன், 8.30க்கு 60 என்று எழுதுங்கள். பட்டியலில் விடுபட்டவர்கள் நிச்சயம் வருவார்கள். அவர்களுக்காக 25 பைகள் கூடுதலாக எடுத்து வையுங்கள். அவர்களுக்கு வேறு மேசை, வேறு ஆள். முக்கிய வரிசையில் ஒரு வாக்குவாதம் தொடங்கினால் பின்னால் நிற்பவர்களுக்கு "தீர்ந்துவிட்டது போல" என்றுதான் கேட்கும்.

இடம்: கயிறு கட்டி ஒரு ஆள் போகும் அகலத்தில் பாதை. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும். பையோடு போகிறவர் காத்திருப்பவர்களைக் கடந்து போகக் கூடாது. மேசையருகே ஒரு மணி நேரத்துக்கான சரக்கு மட்டும். லாரி பின்புறம், கண்ணில் படாமல், வெளியே போகும் திசையில் முகம் வைத்து நிற்கட்டும். முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரருக்குத் தனி வரிசை, உட்கார நிழல். பெரிய பலகையில் எழுதுங்கள்: பையில் என்ன இருக்கிறது, எத்தனை குடும்பத்துக்கு இருக்கிறது, அடுத்த விநியோகம் என்றைக்கு.

லாரி மேலிருந்து ஒருபோதும் எறியாதீர்கள். எறிந்தால் பலசாலிக்குத்தான் கிடைக்கும், கீழே விழுந்தவர் மிதிபடுவார். சரக்கு குறைவாக வந்தால் அதை ஒளிக்காதீர்கள். எந்த டோக்கன் எண்வரை இன்று, மீதி நாளை எத்தனை மணிக்கு என்று உடனே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுங்கள்; சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து நில்லுங்கள். ஒரு தடவை வாக்குத் தவறினால் மூன்றாம் விநியோகத்தைப் போலீஸை வைத்துத்தான் நடத்த வேண்டியிருக்கும்.

கட்டடத்துக்குள்ளிருந்து கொடுப்பதையும் தவிர்க்கலாம். 2013 நவம்பரில் ஹையான் புயலுக்குப் பின் பிலிப்பைன்ஸில் அலங்காலாங் என்ற ஊரில், நாட்கணக்கில் உதவி வராமல் போகவே மக்கள் அரசு அரிசிக் கிடங்குக்குள் புகுந்தார்கள். சுவர் இடிந்து எட்டுப் பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மூட்டைகள் போயின. பக்கத்திலேயே அரிசி குவிந்திருந்தது. எப்போது கிடைக்கும் என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

கேள்வி: கூட்டத்தில் மாட்டிக்கொண்டால்?

நான்கு பக்கமும் உடம்பு உரசும் நெரிசல், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேருக்கு மேல், வரும் முன்பே வெளியேறிவிடுங்கள். அதற்கு மேல் போனால் நடப்பது உங்கள் கையில் இல்லை. இரண்டு கையையும் குத்துச்சண்டைக்காரர் போல நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சு விட இடம் வைத்துக்கொள்ளுங்கள். அலை தள்ளும்போது எதிர்க்காதீர்கள். அடங்கும் இடைவெளியில் குறுக்காக ஓரம் நோக்கி நகருங்கள். சுவர், கம்பி வேலி பக்கம் ஒதுங்காதீர்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். கண்ணீர்ப் புகை வந்தால் காற்று வரும் திசையை நோக்கி, மேடான இடத்துக்குப் போங்கள். கண்ணைக் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

காரில் இருந்தால், முன்னால் கூட்டம் தெரிந்ததும் திருப்பிக்கொள்ளுங்கள். முன் வண்டியின் டயர் தரையைத் தொடுவது தெரியும் அளவு எப்போதும் இடைவெளி விட்டு நின்றால்தான் ஒடித்துத் திரும்ப முடியும். கூட்டத்துக்குள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வண்டியைக் கேட்டால் கொடுத்துவிட்டு நடந்து போங்கள்.

கேள்வி: கடை பூட்டியிருக்கிறது, குழந்தைக்குப் பால் மாவு இல்லை. உடைத்து எடுத்தால் அதுவும் கொள்ளையா?

பல நாட்டுச் சட்டங்கள் உயிர் காக்கும் அவசியத்தை ஏற்கின்றன, ஆனால் குறுகலாக: ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது, தேவைக்கு மேல் எடுத்திருக்கக் கூடாது. முதலில் கடைக்காரரைத் தேடுங்கள்; பெரும்பாலானவர்கள் திறந்து கொடுத்துவிடுவார்கள். கிடைக்கவில்லையென்றால் இரண்டு சாட்சியோடு எடுத்து, என்ன எடுத்தோம், யார், எந்த வீடு என்று எழுதி உள்ளே வைத்துவிட்டுக் கடையை மூடிவிட்டு வாருங்கள். திறந்து போட்டுவிட்டு வந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் கடையே இருக்காது. பசிக்காக எடுத்தவரையும் டிவிக்காக எடுத்தவரையும் ஒரே சொல்லால் குறிப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

கேள்வி: பொருளாதாரமே சரிந்துபோகும் நாட்டில் நிலைமை எப்படி வேறுபடும்?

பேரிடரில் வெளியிலிருந்து உதவி வரும் என்ற நம்பிக்கை இருக்கும். சரிவில் அது இருக்காது. அதனால் வெடிப்பு திடீரென்று வரும், பிறகு சிறு திருட்டு நிரந்தரமாகிவிடும். 2001 டிசம்பரில் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்ட அர்ஜென்டினாவில் சூப்பர் மார்க்கெட்டுகள் சூறையாடப்பட்டன. அந்தக் கொந்தளிப்பில் 39 பேர் இறந்தார்கள். 1997இல் அல்பேனியாவில் மோசடி நிதித் திட்டங்கள் கவிழ்ந்ததும் ஜனங்கள் ராணுவக் கிடங்குகளையே உடைத்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வீடுகளுக்குப் போயின. அந்த மாதிரி இடத்தில் அரிசிக் கிடங்கை விட ஆயுதக் கிடங்கின் காவல்தான் முதல் கவலை.

வீட்டு அளவில் போவது செப்புக் கம்பி, வண்டி பேட்டரி, பெட்ரோல், சோலார் தகடு, தண்ணீர்த் தொட்டி மோட்டார். சோலார் தகட்டுக்கு, முறுக்கி முடித்ததும் தலை உடைந்து விழும் போல்ட் போடுங்கள். பேட்டரியை, முன்பே வெல்டிங் செய்த கூண்டில் வைத்துப் பூட்டுங்கள், காற்றோட்டம் விட்டு. தெருவே இருட்டில் இருக்கும்போது உங்கள் ஜெனரேட்டர் சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்கும். பொதுவாக வைத்துப் பக்கத்து வீடுகளின் போன்களுக்கும் சார்ஜ் போட்டுக் கொடுங்கள், அவர்களே காவலாகிவிடுவார்கள். தண்ணீர் தலைக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று இரண்டு வாரத்துக்குச் சேமியுங்கள். ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பணத்தைச் சிறு நோட்டாகப் பிரித்து, வெளியே போகும்போது அன்றைய தேவைக்கு மட்டும் எடுங்கள்.

கேள்வி: எல்லாம் நடந்து முடிந்த பின் காப்பீடு கிடைக்குமா?

பாலிசியை இப்போதே எடுத்துப் படியுங்கள். கலவரச் சேதத்துக்கான பிரிவு பல பாலிசிகளில் தனியாகச் சேர்க்க வேண்டியது. தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கான பாலிசிகள் பலவற்றில், அந்த விபத்தின்போதோ அதற்குப் பின்னரோ நடக்கும் திருட்டு விலக்கப்பட்டிருக்கும். வெள்ளம் நனைத்த சரக்குக்குப் பணம் வரும், அதே ராத்திரி திருடு போனதற்கு வராது. கூட்டித் துடைக்கும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். வெள்ளம் எட்டிய உயரத்தைச் சுவரில் கோடு போட்டுப் படம் எடுங்கள்; உடைந்த பூட்டைத் தூக்கி எறியாதீர்கள். போலீஸ் புகாரில் நனைந்தது தனி, திருடு போனது தனி என்று இரண்டு பட்டியலாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் தகவலைத் தொலைபேசியில் சொன்னாலும், அன்றைக்கே எழுத்திலும் அனுப்பிவிடுங்கள்.